பழுப்புப் பாட்டிலில் ஒரு எழுத்து

கண்ணாடியைப் படம் பிடிப்பது எவ்வளவு தொல்லை பிடித்த வேலை என்று தங்கையாவுக்குத் தெரிய வந்தது நாற்பத்தேழாம் வருஷம். மலாக்கா டவுனில் இருமல் மருந்தும் தலைத் தைலமும் விற்றுக்கொண்டிருந்த வடிவேலு முதலாளி, காலண்டரில் போடுவதற்குத் தன் பாட்டில்களைப் படம் எடுத்துத் தரச் சொல்லி ஒரு கூடையோடு அனுப்பியிருந்தார். மனிதர்களை எடுக்கிற மாதிரி முன்னால் வெளிச்சம் வைத்து எடுத்துப் பார்த்தார் தங்கையா. பாட்டிலுக்குள் பாட்டிலைத் தவிர எல்லாம் தெரிந்தது. ஜன்னல் தெரிந்தது, கேமரா தெரிந்தது, கறுப்புத் துணிக்குள் குனிந்திருந்த அவருடைய முதுகு தெரிந்தது.

இரண்டு வாரம் மல்லுக்கட்டிய பிறகு வெளிச்சத்தைப் பின்பக்கம் கொண்டுபோனார். ஜன்னலில் எண்ணெய்த் தாளை ஒட்டி, அதற்கு முன்னால் பாட்டிலை நிறுத்தினார். தைலம் விளக்குப் போலப் பிரகாசித்தது, ஆனால் பாட்டிலின் ஓரம் வெள்ளையில் கரைந்து காணாமல் போயிற்று. பாட்டிலுக்கு இரண்டு பக்கமும் படத்தில் விழாத தூரத்தில் கறுப்புத் தாளை நட்டு வைத்த பிறகுதான், மையால் வரைந்த மாதிரி ஓரம் எழுந்து நின்றது. அந்தக் காலண்டர் வந்த பிறகு மலாக்காவில் சோடாக்காரர்கள், அத்தர் வியாபாரிகள், கண்ணாடி வளையல் விற்கிறவர்கள் எல்லாரும் அவரைத் தேடி வந்தார்கள். கண்ணாடிப் படமென்றால் தங்கையா என்று பெயராகிவிட்டது.

செலண்டார் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டிப் பாலெடுத்த தம்பதிக்குப் பிறந்தவர் அவர். போருக்கு முன்னால் டவுனில் ஒரு ஜப்பான்காரர் ஸ்டூடியோவில் கண்ணாடித் தகடு கழுவும் வேலைக்குச் சேர்ந்து, கழுவிக் கழுவியே தொழிலைக் கற்றுக்கொண்டார். போர் முடிந்ததும் பசாருக்குப் பின்னால் ஒரு மாடியறையைப் பிடித்துச் சொந்தமாக ஸ்டூடியோ வைத்தார். தோட்டத் தொழிலாளர் சங்கத்துக்கு ஒருமுறை குழுப்படம் எடுக்கப் போனார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியும் என்று கண்டு, கமிட்டிச் செயலாளராக உட்கார வைத்துவிட்டார்கள். எட்டு மாதம் அந்தப் பதவியில் இருந்தார். நாற்பத்தெட்டு ஜூனில், காட்டுக்குள் போய்ச் சண்டையிட்ட கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்கார அரசாங்கத்தின் அவசரகாலம் வந்து, சங்கங்கள் கலைந்து, ஆட்களைப் பிடிக்கத் தொடங்கியபோது, செயலாளர் என்று அவர் கையெழுத்துப் போட்ட தாள்கள் எங்கேயோ ஒரு போலீஸ் அலமாரிக்குப் போய்ச் சேர்ந்தன. அவரை மட்டும் யாரும் தொடவில்லை. ஏன் தொடவில்லை என்ற கேள்வியே அவருக்கு ஒரு நோயாக இருந்தது.

அந்த வருஷக் கடைசியில் எல்லாருக்கும் அடையாளக் கார்டு என்று சட்டம் வந்தது. தங்கையா கேமராவையும் ஒரு வெள்ளைப் போர்வையையும் தூக்கிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போனார். ரெட்டைப்பாலத் தோட்டத்தில் ஆஸ்பத்திரிச் சுவரில் போர்வையைக் கட்டி மூன்று நாள் படம் எடுத்தார். அந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் அப்புசாமி, வரிசையில் நின்றவர்களின் முகவாயைப் பிடித்து நேராக்கி விட்டுக்கொண்டே இருந்தார். தன் முறை வந்ததும், இடது புருவத்துக்கு மேலிருந்த வெட்டுத் தழும்பைத் தொட்டுக் காட்டினார்.

"நீங்க டச்சிங் எல்லாம் பண்ணுவீங்களாமே. இத எடுத்துறாதீங்க. அடையாளக் கார்டுக்கு இருக்கிற ஒரே அடையாளம் இதான்."

மதியம் டிரஸ்ஸர் வீட்டில்தான் சாப்பாடு. அவர் மனைவி குஞ்சம்மா கருவாட்டுச் சம்பல் வைத்திருந்தாள். மருந்துத் தண்ணீரில் தோய்ந்து கறுத்து வெடித்துக் கிடந்த தங்கையாவின் விரல்களைப் பார்த்து, அப்புசாமி ஒரு டப்பா களிம்பு கொடுத்தார். மருந்தறை அலமாரியில் வரிசையாகப் பழுப்புப் பாட்டில்கள் நின்றன. ஒவ்வொன்றின் தட்டை முகத்திலும் அரத்தால் கீறிய ஒரு 'அ' இருந்தது.

"குறி போடலன்னா அடுத்த வாரமே கள்ளுக்கடைக்குப் போயிருது பாட்டில்லாம்" என்றார் அப்புசாமி.

தங்கையாவின் வருமானத்துக்குப் படம் எடுப்பது பாதி, டச்சிங் பாதி. வடக்குப் பார்த்த ஜன்னலோரம் சாய்வான ஒரு மேசை வைத்திருந்தார். நடுவே தகடு பொருத்த ஒரு சட்டம், அடியில் வெளிச்சத்தை மேலே தள்ள ஒரு கண்ணாடி. பின்னாலிருந்து வெளிச்சம் வரும்போது நெகடிவில் எல்லாம் தலைகீழாகத் தெரியும், கறுப்பு முகம், வெள்ளை மயிர். எங்கே வெளுக்க வேண்டுமோ அங்கே பென்சிலால் தீட்டுவார். எங்கே கறுக்க வேண்டுமோ அங்கே சிறு கத்தியால் மருந்துப் பூச்சை மெல்லச் சுரண்டுவார். அம்மைத் தழும்புகள் மறையும், குழிந்த கன்னம் நிரம்பும், இல்லாத புருவம் முளைக்கும்.

அவர் மனைவி மீனம்மா சொல்வாள்: "ஒங்க கை சும்மா இருக்காது. அரைகுறையா ஒன்னப் பாத்தா முடிச்சு வெச்சாத்தான் ஒங்களுக்குத் தூக்கம் வரும்."

ஐம்பத்தொன்று பிப்ரவரியில் ஒரு காலை, உளவுப் பிரிவு போலீஸ்காரர் சேகரன் சீருடை இல்லாமல் மாடியேறி வந்தார். முப்பது வயதுக்காரர், பேச்சு எப்போதும் மரியாதையாக இருக்கும். கையில் துண்டில் சுற்றிய ஒரு பொட்டலம். அவிழ்த்து மேசையில் வைத்தார். தட்டையான பழுப்பு மருந்துப் பாட்டில்.

"ரெட்டைப்பாலத் தோட்டத்துக்குப் பின்னால காட்டுல ஒரு கேம்ப் மாட்டுச்சுண்ணே. ஆளுங்க ஓடிட்டானுங்க. அரிசி, வெடிமருந்து, இந்தப் பாட்டில். மேல ஒரு கீறல் இருக்கு, கண்ணுக்குத் தெரிய மாட்டேங்குது. நீங்கதான் கண்ணாடிய எடுக்கிறதுல கெட்டிக்காரர்னு டவுன்ல எல்லாரும் சொல்றாங்க. கீறல் தெளிவா வரணும்."

தங்கையா பாட்டிலைத் தொடாமல் குனிந்து பார்த்தார். தட்டை முகத்தில் ஒரு சுழி. அது எங்கோ இழுபட்டுப் போய்த் தேய்ந்திருந்தது. டிரஸ்ஸரின் மருந்தறை அலமாரி நினைவுக்கு வந்தது.

பழுப்பு நிறம் அவரிடமிருந்த தகடுகளுக்குப் பிடிக்காது. சாதாரண வெளிச்சத்தில் எடுத்தால் கரிக்கட்டையாகத்தான் விழும். ஜன்னலில் எண்ணெய்த் தாளை ஒட்டி, கீழே முற்றத்தில் ஒரு நிலைக்கண்ணாடியைச் சாய்த்து வெயிலை அதன் மேல் அடிக்க வைத்தார். பாட்டிலின் பின்பக்கம் தீப்பிடித்த மாதிரி ஆயிற்று. பக்கங்களில் கறுப்புத் தாள். கீறல்கள் வெளிச்சத்தைச் சிதற அடித்துக் கறுப்பு இழைகளாகத் தெரிந்தன. இரண்டு தகடு எடுத்தார். இரண்டும் நன்றாக விழுந்தன. சுழி தெளிவாக இருந்தது. சுழியிலிருந்து வலப்பக்கம் போகும் கோடு பாதிவரை இருந்தது. அதற்கப்பால் வெறும் சிராய்ப்பு, கல்லில் உரசினாலும் வரக்கூடியது. 'அ' என்றால் அந்தப் பக்கம் மேலிருந்து கீழே ஒரு நிமிர்ந்த கோடு வேண்டும். அது இல்லை.

மறுநாள் சேகரன் வந்து, டச்சிங் மேசையில் தகடு ஒளிர்வதைக் கைகட்டி நின்று பார்த்தார்.

"இது 'அ' தானேண்ணே?"

"பாதிதான் தெரியுது. 'சு'ன்னும் சொல்லலாம். சும்மா தேய்ஞ்சதுன்னும் சொல்லலாம்."

"கோடு அங்க இருக்குண்ணே. தெரியல, அவ்வளவுதான். தெரிய வைங்க." சேகரன் குரலை உயர்த்தவே இல்லை. "நீங்க முன்னாடி சங்கத்துல செகரட்டரியா இருந்தீங்கல்ல? ஒங்க கையெழுத்த நான் பாத்திருக்கேன். அழகான கையெழுத்து. எங்க ஆபீஸ் பெரியவரு ஒவ்வொரு மாசமும் அந்த பைலக் கேப்பாரு. நான்தான் அடியில வெச்சு வெச்சு எடுத்துட்டுப் போறேன்."

அவர் கீழே இறங்கிப் போய் வாசலில் சிகரெட் பிடித்துக்கொண்டு நின்றார். தங்கையா மேசையில் உட்கார்ந்தார். இந்த இடத்தை அவர் பிற்காலத்தில் யாரிடம் சொன்னாலும் கூட்டாமல் குறைக்காமல் சொல்வார். பயந்தேன் என்பார். பயம் மட்டும் இல்லை என்றும் சொல்வார். அந்தச் சிராய்ப்பைப் பார்க்கப் பார்க்க, அதற்குள் ஒரு நிமிர்ந்த கோடு ஒளிந்திருப்பது போலவே கண்ணுக்குப் பட்டது. எப்படியும் பாட்டிலே கோர்ட்டுக்கு வரும், நீதிபதி கையிலெடுத்துப் பார்த்துக்கொள்வார், படம் சும்மா துணைக்குத்தானே என்று ஒரு எண்ணமும் வந்தது. கத்தி முனையை வைத்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு நான்கு இழுப்பு. ஒரு நெல்லின் நீளம்கூட இருக்காது. வெளிச்சம் அந்தக் கீறல் வழியாகப் பளிச்சென்று மேலே வந்தது.

படமாகப் போட்டபோது அச்சில் வார்த்த மாதிரி 'அ' இருந்தது. 'பாட்டிலில் உள்ளபடி எடுக்கப்பட்டது' என்று டைப் அடித்த தாளில் சேகரன் அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, சுரண்டிய தகட்டையும் எடுத்துப்போனார். சுரண்டாத இன்னொரு தகடு இருப்பதைப் பற்றி அவர் கேட்கவில்லை. தங்கையாவும் சொல்லவில்லை.

நான்காம் நாள் அப்புசாமியைப் பிடித்தார்கள். காட்டிலிருப்பவர்களுக்கு மருந்து கொடுத்தார் என்பது வழக்கு. அந்தக் காலத்தில் ஒரு டின் பால் கொடுத்தவனையே வருஷக்கணக்கில் உள்ளே வைத்தார்கள். பசாரில் மீன் வாங்கப் போன மீனம்மா கேள்விப்பட்டு வந்து சொன்னாள். தங்கையா டார்க் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவள் அவரைத் தொந்தரவு செய்யவில்லை.

இரண்டு மாதம் கழித்துக் குஞ்சம்மா வந்தாள். இடுப்பில் மூன்று வயதுப் பெண் குழந்தை. தோட்டத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்களாம். பாயா ரும்புட்டில் தூரத்துச் சொந்தம் ஒன்றின் வீட்டில் சமையற்கட்டு ஓரமாக ஒதுங்கியிருந்தாள்.

"அண்ணே, அவரு படம் ஒன்னுகூட எங்கிட்ட இல்ல. கார்டும் அவருகிட்டயே போயிருச்சு. பாப்பா அப்பா எங்கன்னு கேக்குது. நீங்க அன்னிக்கு எடுத்தீங்களே, அதுல ஒன்னு போட்டுத் தாங்கண்ணே."

தங்கையா பெட்டிகளைக் கிளறித் தகட்டைக் கண்டுபிடித்தார். ஜன்னலுக்கு நேராகப் பிடித்தார். கறுத்த முகத்தில் புருவத்துக்கு மேலே தழும்பு வெளுப்பாக ஓடியது. பின்னால் குஞ்சம்மா தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தாள்.

"வக்கீல் ஐயா சொல்றாரு, அந்தப் பாட்டில கோலாலம்பூருக்கு மருந்து டெஸ்ட் பண்ண அனுப்புனாங்களாம். போற வழியில லாரியில ஒடைஞ்சு போச்சாம். தூளாயிருச்சாம். இப்ப படம் ஒன்னுதான் சாட்சியாம். அந்தப் படத்துல இவரு எழுத்து அப்படியே தெரியுதாம்ண்ணே. யாரு எடுத்த படமோ தெரியல."

தங்கையா தகட்டை மேசையில் கவிழ்த்து வைத்தார். "சாயந்தரம் வாம்மா, போட்டு வெக்கிறேன்" என்று மட்டும் சொன்னார்.

அன்று மதியம் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு மீனம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கத்தவில்லை. தட்டை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"இப்பப் போயி மாத்திச் சொன்னா ஒங்களயும் உள்ள தூக்கிப் போட்டுருவாங்க. பொய்க் கையெழுத்துப் போட்டதுக்கு ஒன்னு, பழைய சங்கத்துக்கு ஒன்னு. நான் என்னா பண்ணுவேன்? யாரு வீட்டுல போயி நிப்பேன்?"

"தெரியல மீனா."

"தெரியலன்னா வாயப் பொத்திக்கிட்டு இருங்க."

அவரும் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தார். ஆறு நாள். அன்று சாயந்தரம் வந்த குஞ்சம்மாவுக்குப் படத்தைக் கொடுத்தபோது அவள் அதை முகத்தோடு வைத்துக்கொண்டதை மீனம்மாவும் பார்த்திருந்தாள், 'யாரு எடுத்த படமோ' என்று மறுபடி சொன்னதையும் கேட்டிருந்தாள். ஏழாம் நாள் காலை, அவர் எழுந்திருப்பதற்குள் அவள் சேலை மாற்றியிருந்தாள்.

"அந்த இன்னொரு தகட்டக் குடுங்க. ரோட்டுல போலீஸ்காரங்க ஆம்பளைங்க பையத்தான் கிண்டுறாங்க. நான் முந்தானைக்குள்ள வெச்சுக் கொண்டாறேன். நீங்க முன்னாடி நடங்க."

அப்புசாமியின் வக்கீல் வயதான மனிதர். தகட்டை ஜன்னலில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். "யோசிச்சுச் சொல்லுங்க. சொன்னா நீங்க திரும்பிப் போற இடம் வீடா இருக்காது" என்றார். தங்கையா மீனம்மாவைப் பார்த்தார். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விசாரணை ஜூலையில் வந்தது. அரசாங்கத் தரப்பு சாட்சியாகத்தான் தங்கையாவைக் கூப்பிட்டார்கள். படத்தைக் காட்டி, இது நீ எடுத்ததுதானா, பாட்டிலில் இருந்தபடியே இருக்கிறதா என்று கேட்டார்கள். முதல் கேள்விக்கு ஆமாம் என்றார். இரண்டாவது கேள்விக்குக் குடிக்கத் தண்ணீர் கேட்டார். கொடுத்தார்கள்.

"இல்லீங்க. நிமிந்த கோடு பாட்டில்ல தெரியல. நான்தான் சுரண்டிப் போட்டேன்."

வக்கீல் எழுந்து இன்னொரு தகட்டை வைத்தார். நீதிபதி இரண்டையும் கோர்ட்டு ஜன்னலுக்கு நேரே மாறி மாறிப் பிடித்துப் பார்த்தார். சுரண்டிய தகட்டைச் சாய்த்துப் பிடிக்கச் சொன்னார் தங்கையா. பளபளப்பான பூச்சில் கத்தி போன இடம் மட்டும் மங்கலாக, சொரசொரப்பாகத் தெரிந்தது.

அரசாங்க வக்கீல் எரிந்து விழுந்தார். "அப்படின்னா அன்றைக்குப் பொய்யா, இன்றைக்குப் பொய்யா?"

"அன்னிக்குங்க."

"யார் சுரண்டச் சொன்னது?"

சேகரன் மூன்றாவது பெஞ்சில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். தங்கையா அவரைப் பார்த்தார். அவ்வளவு தூரம் வந்தவர் அந்த இடத்தில் நின்றுவிட்டார்.

"தெளிவா வேணும்னாங்க. நான் செஞ்சேன். வேற யாரும் சொல்லல."

அந்த ஒரு பொய் அவரைக் கடைசிவரை அரித்தது.

வேறு சாட்சி இல்லாததால் அப்புசாமியை விடுதலை செய்தார்கள். கூண்டிலிருந்து இறங்கி வந்தவர் தங்கையாவைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். கூட்டம் இடையில் புகுந்துவிட்டது. குஞ்சம்மா குழந்தையோடு வெளிப்படிக்கட்டில் காத்திருந்தாள். நான்காவது படியில் அப்புசாமி கால் வைத்தபோது இரண்டு பேர் இருபுறமும் வந்து கையைப் பிடித்தார்கள். தடுப்புக் காவல் உத்தரவு தயாராகக் கையில் இருந்தது. அதற்குக் கோர்ட்டும் வேண்டாம், சாட்சியும் வேண்டாம். ஜீப்பில் ஏற்றும்போது குழந்தை "அப்பா அப்பா" என்று கையை நீட்டிக்கொண்டு தாவியது. படியில் நின்ற வக்கீல் தலையைக் குனிந்து தன் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

ஒன்பது நாள் கழித்துத் தங்கையாவைத் தேடி வந்தார்கள். அவர் துணிப்பையைக் கட்டித் தயாராக வைத்திருந்தார். கேமராவையும் தகட்டுப் பெட்டிகளையும் லாரியில் ஏற்றினார்கள். ஒரு பெட்டி மாடிப்படியில் உருண்டு விழுந்தது. நான்கு தோட்டங்களில் எடுத்த முகங்கள் அதில் இருந்தன. மீனம்மா உடைந்த தகடுகளைக் கூட்டி அள்ளுவதற்குள் ஜீப் போய்விட்டது.

கடலோரமாகக் கம்பிவேலி போட்ட முகாம் அது. நீண்ட அத்தாப்பு ஓலைக் கொட்டகைகள், ஒரு கொட்டகைக்கு அறுபது பேர். காலையில் எண்ணுவார்கள், மாலையில் எண்ணுவார்கள். தன்மேல் என்ன குற்றம் என்று தங்கையாவுக்கு ஒரு தாள் கொடுத்தார்கள். அதில் பாட்டிலைப் பற்றியோ படத்தைப் பற்றியோ ஒரு வரிகூட இல்லை. நாற்பத்தேழில் சங்கச் செயலாளராக இருந்தது மட்டும் இருந்தது.

இரண்டாவது வாரம் வயிற்றுப்போக்கு கண்டு முகாம் மருந்துக் கொட்டகைக்குப் போனார். அங்கே அப்புசாமி இருந்தார். கைதியாக இருந்தாலும் அவரையே மருந்து கலக்க உட்கார வைத்திருந்தார்கள். இளைத்துப் போயிருந்தார். தங்கையாவைக் கண்டதும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னிக்கு ஒங்ககிட்ட ஒரு வார்த்த பேச முடியல. வாங்க, ஒக்காருங்க."

"டிரஸ்ஸரய்யா, நான் செஞ்சதுக்கு..." என்று தொடங்கினார் தங்கையா.

அப்புசாமி மருந்தைக் கலக்கிக்கொண்டே தணிந்த குரலில் பேசினார். வாசலில் காவல்காரன் நின்றான்.

"நான் சொல்றதக் கேளுங்க. அது என் பாட்டில்தான். அது என் 'அ' தான். நீங்க போட்ட கோடு சரியான எடத்துலதான் விழுந்திருக்கு."

தங்கையா நிமிர்ந்து பார்த்தார்.

"பயப்படாதீங்க. நான் காட்டுக்கு எதையும் குடுக்கல. தோட்டத்து எல்லையில காய்கறி போட்டுக்கிட்டு ஒரு சீனக் கெழவி இருந்தா. நெஞ்சு சளி. தோட்டத்து ஆள் இல்ல, குடுக்கக்கூடாதுதான். இருமுற சத்தம் ராத்திரியெல்லாம் என் வீட்டுக்குக் கேக்கும். ஒரு பாட்டில் இருமல் மிக்ஸ்சர் குடுத்தேன். அப்புறம் சர்க்காரு ஆளுங்க காட்டோரத்துச் சீனங்க எல்லாத்தையும் லாரியில ஏத்தி, கம்பிவேலி போட்ட புதுக் கிராமத்துக்குக் கொண்டுபோயி, குடிசையக் கொளுத்திட்டாங்க. அந்தப் பாட்டிலு அங்கயே கெடந்திருக்கும். காட்டுக்காரன் எவனோ தண்ணி ஊத்திக்க எடுத்துட்டுப் போயிருப்பான்."

"இத நீங்க கோர்ட்டுல சொல்லலியே?"

"யாரு நம்புவா? வக்கீல் சொன்னாரு, பாட்டில் என்னோடதுன்னு ஒத்துக்கிட்டா தூக்குக் கயிறுகூட வரலாம், வாயத் தெறக்காதீங்கன்னு. நான் தெறக்கல." அப்புசாமி கலக்கிய மருந்தை நீட்டினார். "குடிங்க. கசக்கும்."

தங்கையா குடித்தார். பிறகு கொட்டகைக்குத் திரும்பிப் போய்ப் பலகையில் படுத்துக்கொண்டார். தான் போட்ட கோட்டைப் பொய்யென்று நினைத்து நெஞ்சடைத்துச் செத்தது இத்தனை மாதம். அது உண்மை. உண்மையென்று நினைத்துக் கூண்டிலேறிச் சொன்னது அந்த மனிதரை நான்கு படிகூட வெளியே நடக்க விடவில்லை. இதில் எதை எடுத்து எதனோடு வைப்பது என்று அவருக்குப் புரியவில்லை. பக்கத்துப் பலகையில் படுத்திருந்த இருளாண்டி என்ற லாரி டிரைவர் "என்னா அண்ணே, காய்ச்சலா?" என்று கேட்டபோது, ஆமாம் என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குத் தெரியாததை நான் வரைந்தேன், அது சரியாக இருந்தது என் நேர்மையால் அல்ல என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள வெகுநாள் ஆயிற்று. சொல்லிக்கொண்ட பிறகும் ஆறுதல் வரவில்லை.

ஐம்பத்திரண்டில் அப்புசாமியை இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். அவர் பிறந்தது செலண்டாரில். இந்தியாவை அவர் கண்ணால் கண்டதில்லை. குஞ்சம்மாவும் குழந்தையும் கூடவே போனார்கள். காலை எண்ணிக்கை முடிந்த கையோடு பெயர் கூப்பிட்டு ஏற்றிவிட்டதால், தங்கையா வேலியோரம் ஓடி வருவதற்குள் லாரியின் புழுதிதான் மிஞ்சியிருந்தது.

ஐம்பத்துமூன்று செப்டம்பரில் மலாக்காவின் சில பகுதிகளை வெள்ளைப் பகுதி என்று அறிவித்து ஊரடங்கையும் சோதனைகளையும் தளர்த்தினார்கள். அந்த நவம்பரில் தங்கையாவை வெளியே விட்டார்கள். கேமரா திரும்பி வரவில்லை. மாடியறையில் ஒரு தையற்காரர் குடியேறியிருந்தார். மீனம்மா பாயா ரும்புட்டில் ஓர் அறையில், வீடுகளுக்கு மாவரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவருக்காக அவள் பத்திரப்படுத்தி வைத்திருந்தது டச்சிங் மேசையை மட்டும்தான். அதில் முருங்கைக்கீரையைப் பரப்பி ஆய்ந்துகொண்டிருந்தாள்.

வடிவேலு முதலாளியைப் போய்ப் பார்த்தார். அவர் உட்காரச் சொன்னார், காப்பி வரவழைத்தார், பார்வையை மட்டும் வாசலிலேயே வைத்திருந்தார். "கொஞ்ச நாள் போகட்டும் தங்கையா" என்றார். தோட்டங்களுக்குள் நுழைய அனுமதிச் சீட்டு கிடைக்கவில்லை. கல்யாணத்துக்கு அழைக்க ஜனங்கள் பயந்தார்கள். ஆறு மாதம் கழித்து, டவுனில் சோடா, ஆரஞ்சு பானம் நிரப்புகிற ஒரு சீனர் கம்பெனியில் வேலை கிடைத்தது. நிரப்பி மூடிய பாட்டில்கள் வரிசையாக ஒரு வெள்ளைத் திரைக்கு முன்னால் நகரும். திரைக்குப் பின்னால் குழல் விளக்குகள். தூசி, முடி, கரப்பான் கால், விரிசல் என்று ஏதாவது இருந்தால் அந்தப் பாட்டிலை எடுத்து ஒதுக்க வேண்டும். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம். அவரைப் போல வேறு யாருக்கும் கண்ணில் படாது என்று சூப்பர்வைசர் சந்தோஷப்பட்டார். வீட்டுக்கு வந்து கண்ணை மூடினாலும் பாட்டில்கள் நகர்ந்துகொண்டே இருக்கும் என்று மீனம்மாவிடம் சொன்னார். அவள் விளக்கெண்ணெயை இமையில் தடவிவிட்டாள். நாலைந்து வருஷத்தில் இடது கண்ணில் புகை மூட்டம் தொடங்கியது. அதைக் கம்பெனியில் சொல்லாமல் வலது கண்ணால் சமாளித்தார்.

சேகரன் இன்ஸ்பெக்டராகி வேறு மாநிலத்துக்குப் போனார் என்று கேள்வி. ஒருமுறை டவுன் பஸ் ஸ்டாண்டில் எதிரே வந்தவர், பழகிய மனிதரைப் பார்த்த மாதிரி "சௌக்கியமாண்ணே?" என்று கேட்டுவிட்டுப் போனார். தங்கையாவும் தலையாட்டினார். 

அறுபதாம் வருஷம் ஜூலை கடைசியில் அவசரகாலம் முடிந்தது என்று ரேடியோவில் சொன்னார்கள். அடுத்த மாதம் நாகப்பட்டினம் முத்திரையோடு ஒரு கடிதம் பழைய ஸ்டூடியோ விலாசத்துக்கு வந்தது. தையற்காரர் கொண்டுவந்து கொடுத்தார். குஞ்சம்மா யாரையோ வைத்து எழுதியிருந்தாள். அப்புசாமி ஒரு வைத்தியர் கடையில் மருந்து கட்டிக்கொண்டிருந்தாராம். அந்த ஊர் தண்ணீரே அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லையாம். போன தை மாதம் போய்ச் சேர்ந்துவிட்டாராம். பெண்ணுக்குப் பன்னிரண்டு வயதாகிறதாம், படிக்கிறாளாம். "கோர்ட்டில் எங்களுக்காகப் பேசிய அண்ணனுக்குத் தெரியப்படுத்த வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார்" என்று முடிந்திருந்தது.

அந்தக் கோட்டை முதலில் போட்டதும் தங்கையாதான் என்பதை அப்புசாமி கடைசிவரை மனைவியிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. கோர்ட்டில் நடந்தது ஆங்கிலம். வெளியே படிக்கட்டில் நின்றிருந்த அவளுக்கு, தங்கையா நல்லதாகச் சாட்சி சொன்னார் என்பது மட்டும்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது.

தங்கையா பதில் எழுத உட்கார்ந்தார். மூன்று தாளைக் கிழித்தார். மூன்றிலும் 'அந்தப் பாட்டில் படம் எடுத்தவன் நான்தான் அம்மா' என்று தொடங்கியிருந்தது.

"எழுதி என்னா ஆகப் போகுது? அந்தப் பிள்ளைக்கு ஒரு நல்ல மனுசன் இருந்தான்னாவது இருக்கட்டும் லா" என்றாள் மீனம்மா.

"அது நல்லதா மீனா?"

அவள் விளக்கைக் கொஞ்சம் அவர் வலப்பக்கமாக நகர்த்தி வைத்தாள். நான்காவது தாளில், கடிதம் கிடைத்தது, செய்தி அறிந்து மிகவும் வருந்தினோம், இங்கே இந்த வருஷம் மழை அதிகம், குழந்தையை நன்றாகப் படிக்க வையுங்கள் என்று எழுதினார். அந்தப் பழைய அழகான கையெழுத்து இப்போது வரி தவறி மேலும் கீழுமாகப் போயிருந்தது. ஒட்டுவதற்கு மீனம்மாவிடம் கொடுத்தார்.